அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் உருவாகும் விதம்: ஆற்றல் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிலைப்புத்தன்மை பெறுகிறது, குளோரின் அதை வாங்கிக்கொண்டு எண்மத்தை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள்) நிறைவு செய்கிறது என்று சொல்லி வேதிப்பிணைப்பைத் தொடங்குவது வழக்கம். தேர்வுக்கு அந்த விளக்கம் போதுமானதுதான். ஆனால் அதில் ஒரு கணக்கு உதைக்கிறது. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் (ஏறத்தாழ 6.02 × 10²³) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலை நாம் செலவிட வேண்டும். அதே எண்ணிக்கையிலான குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை ஏற்கும்போது வெளிப்படுவதோ 349 கிலோஜூல்தான். கொடுக்கல் வாங்கல் முடிந்த நிலையில் 147 கிலோஜூல் குறைகிறது. பிறகு எப்படி அந்த வினை இவ்வளவு வேகமாகவும் வெப்பத்தோடும் நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் வேதிப்பிணைப்பின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். அணுக்களுக்கு விருப்பமும் இல்லை, எட்டு என்ற எண்ணின் மீது பற்றும் இல்லை. அணுக்கள் பிரிந்திருக்கும்போது உள்ள மொத்த ஆற்றலைவிடச் சேர்ந்திருக்கும்போது உள்ள மொத்த ஆற்றல் குறைவாக இருந்தால் பிணைப்பு உருவாகும்; இல்லையென்றால் உருவாகாது. அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் அந்த ஆற்றல் குறைவதற்கான இரு வழிகள். கீழுள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரே அடிப்படையில் நின்றுகொண்டுதான் நகர்கின்றன.

முதல் படி: இணைதிறன் எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

எந்த அணுவை எடுத்துக்கொண்டாலும் அதன் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களே பிணைப்பில் பங்கேற்கின்றன; இவையே இணைதிறன் எலக்ட்ரான்கள். சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. குளோரினுடையது 2, 8, 7. கார்பனுடையது 2, 4. உள்கூடுகளில் உள்ளவை உட்கருவால் மிக இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் அவற்றை அசைப்பது கட்டுப்படியாகாது. சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 496 கிலோஜூல் என்றால், இரண்டாவது எலக்ட்ரானுக்கு 4,562 கிலோஜூல் தேவைப்படுகிறது. அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். மெக்னீசியத்திலோ முதல் இரண்டு எலக்ட்ரான்கள் 738, 1,451 என்ற அளவில் வந்துவிடுகின்றன. மூன்றாவதற்குத்தான் 7,733 என்று எகிறுகிறது. இப்படி எண்கள் திடீரென எகிறும் இடம்தான் வெளிக்கூடு முடிந்து உள்கூடு தொடங்கும் இடம். சோடியம் ஒற்றை நேர்மின்சுமையோடும் மெக்னீசியம் இரட்டை நேர்மின்சுமையோடும் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே.

தனிம வரிசை அட்டவணையின் முதன்மைத் தொகுதித் தனிமங்களுக்கு இந்த எண்ணிக்கை எளிது: 1, 2 ஆம் தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணே விடை, 13 முதல் 18 வரையிலான தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணிலிருந்து பத்தைக் கழித்தால் போதும். ஹீலியம் மட்டும் இரண்டோடு நிற்கும்.

இரண்டாம் படி: எலக்ட்ரான் கவர்தன்மையை ஒப்பிடுங்கள்

இரண்டு அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரான்கள் யார் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க, லினஸ் பாலிங் 1932 இல் வகுத்த எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. ஃபுளூரினுக்கு 3.98, ஆக்சிஜனுக்கு 3.44, குளோரினுக்கு 3.16, நைட்ரஜனுக்கு 3.04, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20, அலுமினியத்துக்கு 1.61, சோடியத்துக்கு 0.93 என்பன அந்த மதிப்புகள். வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் எலக்ட்ரான் ஏறக்குறைய முழுமையாக ஒரு பக்கம் போய்விடும், அயனிகள் உருவாகும். வேறுபாடு சிறிதாக இருந்தால் இரு உட்கருக்களும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும்.

வேறுபாடு 1.7 க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்றொரு விதி பல இடங்களில் சொல்லப்படுகிறது. அதைக் கைத்தடியாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78, ஆனால் அது 19.5 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும் சகப்பிணைப்பு மூலக்கூறு. சோடியம் அயோடைடில் வேறுபாடு 1.73 மட்டுமே, ஆனால் அது 661 டிகிரியில் உருகும் அயனிப் படிகம். இரண்டும் விதியின் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கின்றன, ஆனால் நடத்தையில் எதிரெதிர்த் துருவங்கள். வேறுபாட்டோடு, சேரும் தனிமங்களில் ஒன்று உலோகமா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

மூன்றாம் படி: அயனிப் பிணைப்பின் வரவு செலவைப் போட்டுப் பாருங்கள்

இப்போது தொடக்கத்தில் விட்ட கணக்குக்கு வருவோம். சோடியம், குளோரின் அணுக்கள் மிகத் தொலைவில் இருக்கும்போது எலக்ட்ரான் இடம்பெயர்ந்தால் ஒரு மோலுக்கு 147 கிலோஜூல் நட்டம் என்று கண்டோம். ஆனால் இடம்பெயர்ந்த பின் இருப்பவை நடுநிலை அணுக்கள் அல்ல. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள். அவற்றுக்கிடையே கூலும் விதிப்படி ஈர்ப்பு செயல்படுகிறது. தொலைவு குறையக் குறைய அந்த ஈர்ப்பால் வெளிப்படும் ஆற்றல் கூடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழ 945 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) தொலைவுக்குள் வந்தவுடனேயே அந்த 147 கிலோஜூல் ஈடாகிவிடுகிறது. அதற்குமேல் நெருங்குவதெல்லாம் இலாபமே. வாயு நிலையில் தனி இணையாக இருக்கும் சோடியம் குளோரைடில் உட்கருக்களுக்கு இடையிலான தொலைவு 236 பிக்கோமீட்டர் என்பதை இத்துடன் ஒப்பிட்டால் இலாபத்தின் அளவு புரியும்.

ஆனாலும் உண்மையான வரவு படிகத்தில்தான் கிடைக்கிறது. 1913 இல் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, அதில் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியாக எதுவுமே இல்லை என்பது தெரியவந்தது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 282 பிக்கோமீட்டர் தொலைவில் ஆறு குளோரைடு அயனிகள் உள்ளன, அவை ஈர்க்கின்றன. அடுத்த அடுக்கில், 399 பிக்கோமீட்டர் தொலைவில், பன்னிரண்டு சோடியம் அயனிகள், அவை விலக்குகின்றன. அதற்கடுத்து 488 பிக்கோமீட்டரில் எட்டுக் குளோரைடு அயனிகள், மீண்டும் ஈர்ப்பு. இப்படி ஈர்ப்பும் விலக்கமும் மாறி மாறி எல்லையின்றிப் போகும் இந்தத் தொடரை முழுவதும் கூட்டினால், அதே 282 பிக்கோமீட்டர் தொலைவிலுள்ள ஒற்றை இணையின் ஈர்ப்பு ஆற்றலைப் போல ஏறத்தாழ 1.748 மடங்கு நிகர ஈர்ப்பு ஆற்றல் கிடைக்கிறது. இந்த எண்ணுக்கு மேடலங் மாறிலி என்று பெயர். எலக்ட்ரான் கூடுகள் ஒன்றோடொன்று மோதும்போது எழும் விலக்கத்தைக் கழித்த பிறகு, வாயு நிலை அயனிகள் ஒரு மோல் படிகமாகச் சேரும்போது வெளிப்படும் படிகக்கூடு ஆற்றல் 787 கிலோஜூல்.

திண்மச் சோடியத்திலிருந்தும் குளோரின் வாயுவிலிருந்தும் தொடங்கி முழுக் கணக்கையும் எழுதுவோம். சோடியம் உலோகத்தைத் தனி அணுக்களாக்க 107 கிலோஜூல் செலவு. அரை மோல் குளோரின் மூலக்கூறுகளைப் பிளக்க 122. சோடியத்தை அயனியாக்க 496. குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 வரவு. இதுவரை நிகரச் செலவு 376 கிலோஜூல். படிகம் அமையும்போது 787 வரவு. மீதி 411 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. சோடியம் குளோரைடின் உருவாதல் வெப்பமாக அளக்கப்படுவதும் அதே 411 தான். பார்ன்–ஹேபர் சுழற்சி எனப்படும் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள், எண்ம விதிதான் பிணைப்பை உருவாக்குகிறது என்று மறுபடி சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அணுவின் உருவமும் இதில் மாறிவிடுகிறது. 186 பிக்கோமீட்டர் ஆரம் கொண்டிருந்த சோடியம், வெளிக்கூட்டை இழந்ததும் 102 பிக்கோமீட்டராகச் சுருங்குகிறது. குளோரைடு அயனியோ 181 பிக்கோமீட்டராகப் பருக்கிறது. ஈர்ப்பு ஆற்றல் மின்சுமைகளின் பெருக்கத் தொகைக்கு நேர்விகிதத்திலும் தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதால், அயனியின் மின்சுமையும் அளவும் தெரிந்தால் படிகத்தின் உறுதியை ஊகித்துவிடலாம். சோடியம் ஃபுளூரைடும் மெக்னீசியம் ஆக்சைடும் ஒரே படிக அமைப்பு கொண்டவை; அயனிகளுக்கிடையிலான தொலைவும் முறையே 231, 210 பிக்கோமீட்டர் என அருகருகே உள்ளவை. ஆனால் மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டும் இரட்டை மின்சுமைகள் என்பதால் படிகக்கூடு ஆற்றல் சுமார் நான்கு மடங்காகிறது. ஒன்று 993 டிகிரியில் உருகுகிறது. மற்றது 2,800 டிகிரியைத் தாண்டியே உருகுகிறது.

நான்காம் படி: அயனிச் சேர்மத்தின் வாய்பாட்டை எழுதுங்கள்

இதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக வேண்டும். அலுமினியத்துக்கு மூன்று, ஆக்சைடுக்கு இரண்டு. ஆகவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன். கால்சியத்துக்கு இரண்டு, குளோரைடுக்கு ஒன்று; ஆகவே ஒன்றுக்கு இரண்டு. இரும்பு போன்ற இடைநிலை உலோகங்கள் இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்களை இழக்கக்கூடியவை என்பதால், அவற்றின் மின்சுமையைப் பெயரிலுள்ள ரோம எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: சகப்பிணைப்பை ஹைட்ரஜனிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்

அணுக்கள் எலக்ட்ரான் இணைகளைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்ற கருத்தை கில்பர்ட் லூயிஸ் 1916 இல் முன்வைத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்தர் கோசல் எலக்ட்ரான் இடமாற்றத்தின் வழியாக அயனிப் பிணைப்பை விளக்கினார். ஆனால் பகிர்ந்துகொண்டால் ஏன் ஆற்றல் குறைய வேண்டும் என்பதற்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குவாண்டம் இயங்கியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு அந்த விடையைத் தந்தவர்கள் ஹைட்லரும் லண்டனும்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெடுந்தொலைவில் இருக்கும்போது ஒன்றுக்கு மற்றதன் இருப்பே தெரியாது. அவை நெருங்கும்போது, ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் உட்கருவோடு அடுத்த உட்கருவாலும் ஈர்க்கப்படத் தொடங்குகிறது. ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இரு உட்கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது. நடுவிலுள்ள அந்த எதிர்மின் அடர்த்தி இரண்டு நேர்மின் உட்கருக்களையும் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. ஆற்றல் படிப்படியாகக் குறைந்து, 74 பிக்கோமீட்டர் தொலைவில் மிகக் குறைந்த மதிப்பை அடைகிறது. அதற்கும் கீழே நெருக்கினால் உட்கருக்களின் விலக்கம் ஓங்கி, ஆற்றல் செங்குத்தாக ஏறிவிடும். அந்தப் பள்ளத்தின் அடித்தொலைவுதான் பிணைப்பு நீளம். அதிலிருந்து அணுக்களை மீண்டும் பிரிக்கத் தேவையான ஒரு மோலுக்கு 436 கிலோஜூல்தான் பிணைப்பு ஆற்றல். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும், உருவாகும்போது எப்போதும் வெளிப்படும். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்ற தவறான கருத்து, படித்தவர்களிடமும் வியக்கத்தக்க அளவு வேரூன்றியிருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: பகிரப்படும் இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகளும் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒரே திசையில் சுழன்றால் அவை நடுப்பகுதியைத் தவிர்த்து விலகிவிடும், பிணைப்பு அமையாது. இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு நடப்பது ஏறத்தாழ இதுவே. மொத்தம் நான்கு எலக்ட்ரான்கள் இருப்பதால், இரண்டு பிணைப்பை வலுப்படுத்தும் ஆர்பிட்டாலுக்கும், மீதி இரண்டு அதைக் குலைக்கும் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கும் போய், கிடைத்த இலாபத்தை அழித்துவிடுகின்றன.

ஓர் இணைக்கு மேலும் பகிரலாம். ஆக்சிஜன் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு: 121 பிக்கோமீட்டர், 498 கிலோஜூல். நைட்ரஜனில் முப்பிணைப்பு: 110 பிக்கோமீட்டர், 945 கிலோஜூல். ஃபுளூரினில் ஒற்றைப் பிணைப்பு: 142 பிக்கோமீட்டர், 159 கிலோஜூல் மட்டுமே. நைட்ரஜன் வாயு எளிதில் வினைபுரியாமல் கிடப்பதற்கும், ஃபுளூரின் கண்டதையெல்லாம் தாக்குவதற்கும் இந்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

ஆறாம் படி: லூயிஸ் அமைப்பை வரையுங்கள்

எந்த அணுக்களுக்கிடையே எத்தனை எலக்ட்ரான் இணைகள் பகிரப்படுகின்றன என்று காட்டும் வரைபடமே லூயிஸ் அமைப்பு. கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்வோம். முதலில் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்கள்: கார்பனுக்கு 4, இரண்டு ஆக்சிஜன்களுக்கும் 12, ஆக 16. எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த கார்பனை நடுவில் வைத்து (ஹைட்ரஜன் மட்டும் எப்போதும் ஓரத்தில்தான்), இருபுறமும் ஒற்றைப் பிணைப்புகளை இடுங்கள். 4 எலக்ட்ரான்கள் தீர்ந்து 12 மிஞ்சும். ஓரத்து ஆக்சிஜன்களுக்கு ஆறாறாகக் கொடுத்தால் அவற்றின் எண்மம் நிறையும், கையிருப்பும் தீரும். இப்போது கார்பனைச் சுற்றி நான்கே உள்ளன. எனவே ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இணையை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணையை) கொண்டுவந்து பிணைப்பு இணையாக மாற்றுங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கிடைக்கும். மூன்று அணுக்களுக்கும் எட்டு.

சரிபார்க்க, ஒவ்வோர் அணுவுக்கும் முறைசார் மின்சுமையைக் கணக்கிட வேண்டும்: அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து, அதன் தனித்த எலக்ட்ரான்களையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழியுங்கள். கார்பனுக்கு 4 இலிருந்து 0, 4 ஆகியவற்றைக் கழித்தால் பூச்சியம். ஆக்சிஜனுக்கு 6 இலிருந்து 4, 2 ஆகியவற்றைக் கழித்தாலும் பூச்சியம். ஒருபுறம் முப்பிணைப்பும் மறுபுறம் ஒற்றைப் பிணைப்பும் வரைந்தாலும் எண்மம் நிறையும். ஆனால் ஓர் ஆக்சிஜனில் நேர்மின்சுமையும் மற்றதில் எதிர்மின்சுமையும் தங்கிவிடும். மின்சுமைகள் பூச்சியத்தை ஒட்டி இருக்கும் அமைப்பே ஏற்புடையது.

ஓசோனில் இதே முறை ஒரு சிக்கலைக் கொண்டுவரும். 18 எலக்ட்ரான்களை வைத்து வரைந்தால் ஒருபுறம் இரட்டைப் பிணைப்பு, மறுபுறம் ஒற்றைப் பிணைப்பு என்று வரும். அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளும் 128 பிக்கோமீட்டர் நீளத்தில் சமமாக உள்ளன. மூலக்கூறு இரு வரைபடங்களுக்கும் இடையே தாவிக்கொண்டிருப்பதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எலக்ட்ரான்கள் மூன்று அணுக்களின் மீதும் பரவியிருக்கின்றன; ஒற்றை வரைபடத்தால் அதைக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உடனிசைவு என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

எண்ம விதிக்கு அடங்காதவையும் உண்டு. போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே எலக்ட்ரான்கள்; சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் சல்ஃபரைச் சுற்றிப் பன்னிரண்டு வரையப்படுகின்றன; நைட்ரிக் ஆக்சைடில் மொத்தமே ஒற்றைப்படை எண்ணிக்கை. எண்மம் நிறைந்த மந்த வாயுக்கள் வினைபுரியாது என்ற நம்பிக்கையையும் 1962 இல் நீல் பார்ட்லெட் செனானைக் கொண்டு ஒரு சேர்மத்தைத் தயாரித்துக் காட்டி முடித்துவைத்தார்.

ஏழாம் படி: பகிர்வு சமமானதா என்று பாருங்கள்

வெவ்வேறு அணுக்களுக்கிடையிலான பகிர்வு சமமாக இருப்பதில்லை. ஹைட்ரஜன் குளோரைடில் எலக்ட்ரான் அடர்த்தி குளோரின் பக்கம் சாய்ந்து, அங்கே சிறிதளவு எதிர்மின்சுமையும் ஹைட்ரஜனில் அதே அளவு நேர்மின்சுமையும் தோன்றுகின்றன. இந்தச் சாய்வை அளக்க முடியும். ஒரு முழு எலக்ட்ரானே இடம்பெயர்ந்திருந்தால் 127 பிக்கோமீட்டர் நீளமுள்ள இந்தப் பிணைப்பின் இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமையின் அளவையும் அவற்றின் இடைத்தொலைவையும் பெருக்கிக் கிடைப்பது) 6.1 டிபை என்ற அலகளவில் இருக்க வேண்டும். அளவீட்டில் கிடைப்பது 1.08. ஆக, அயனித்தன்மை ஏறத்தாழ 18 விழுக்காடு. ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு இதே கணக்கு 41 விழுக்காட்டைத் தருகிறது. வாயு நிலைச் சோடியம் குளோரைடுக்குப் போட்டாலும் 80 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது, நூறு வருவதில்லை. முழு அயனிப் பிணைப்பு என்பது தாளில் மட்டுமே கிடைக்கும் எல்லை.

எதிர்ப்புறத்திலிருந்தும் இதே இடத்துக்கு வரலாம். சிறிய, மின்சுமை மிகுந்த நேர்மின் அயனி, பெரிய எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன்பக்கம் இழுத்து உருக்குலைக்கும். அந்த இழுப்பு அதிகமானால் அயனிப் பிணைப்பு சகப்பிணைப்பை நோக்கி நகரும். இது 1923 இல் காசிமிர் ஃபஜான்ஸ் சொன்ன விதி. அலுமினியம் ஃபுளூரைடு 1,200 டிகிரிக்கு மேலும் திண்மமாகவே நிற்கிறது. சற்றே பெரிய குளோரைடு அயனிகளைக் கொண்ட அலுமினியம் குளோரைடு 180 டிகிரியிலேயே பதங்கமாகி, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட சகப்பிணைப்பு மூலக்கூறுகளாக ஆவியாகிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தாலே அயனிப் பிணைப்பு என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் இது.

எட்டாம் படி: பண்புகளைக் கொண்டு சோதியுங்கள்

உங்கள் முடிவு சரியா என்பதைச் சேர்மத்தின் நடத்தை சொல்லிவிடும். அயனிப் படிகம் திண்ம நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. உருகினாலோ நீரில் கரைந்தாலோ அயனிகள் நகரத் தொடங்குவதால் கடத்தும். சுத்தியலால் அடித்தால் ஓர் அடுக்கு நழுவி, ஒத்த மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து விலக்கிக்கொள்வதால் படிகம் வளையாமல் பிளக்கும்.

சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு கவனம் தேவை. மீத்தேன் மைனஸ் 161.5 டிகிரியில் கொதிக்கும்போது அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்றுகூட உடைவதில்லை; மூலக்கூறுகளுக்கிடையிலான வலுவற்ற கவர்ச்சி விசைகள்தான் விடுபடுகின்றன. வைரத்திலும் சிலிக்கன் டை ஆக்சைடிலும் தனி மூலக்கூறுகளே இல்லை. படிகம் முழுவதும் சகப்பிணைப்புகளால் பின்னப்பட்டிருப்பதால் அங்கே பிணைப்பையே உடைத்தாக வேண்டும். சிலிக்கன் டை ஆக்சைடு சுமார் 1,700 டிகிரியில் உருகுவது அதனால்தான்.

இரண்டு பிணைப்புகளும் ஒரே சேர்மத்தில் இருக்கவும் கூடும். அம்மோனியம் குளோரைடில் உலோகமே இல்லை. ஆனாலும் அது அயனிச் சேர்மம். அம்மோனியாவின் நைட்ரஜனில் உள்ள தனித்த இணை, ஹைட்ரஜன் அயனி ஒன்றோடு பகிரப்படும்போது அம்மோனியம் அயனி பிறக்கிறது. இரு எலக்ட்ரான்களையும் நைட்ரஜனே தருவதால் இது ஈதல் சகப்பிணைப்பு. உருவான பின் நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளில் எது ஈதலால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. அந்த அம்மோனியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் இடையே இருப்பது அயனிப் பிணைப்பு. சூடாக்கினால் ஒரு ஹைட்ரஜன் அயனி நைட்ரஜனை விட்டுக் குளோரைடோடு சேர்ந்துகொள்ள, படிகம் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிந்து ஆவியாகிறது. குளிர்ந்த பரப்பில் அவ்விரு வாயுக்களும் மீண்டும் சந்திக்கும்போது அதே வெண்ணிறப் படிகம் படிகிறது.